ஒன்பதாவது வாக்கியம்

நாலாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஒருவரி டீச்சர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் தலைக்கனம்தான் வந்தது. எந்தப் பத்தியைக் கொடுத்தாலும், "கதை அளக்காதே, இது என்ன சொல்லுது, ஒரே வரியில சொல்லு" என்பதுதான் அவளுடைய பாடம். ஒவ்வொரு வாக்கியமாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே வரச் சொல்வாள். ஒன்றை அடித்த பிறகும் பத்தி நிற்கிறதா, அது வெறும் விவரம். எதை அடித்ததும் மொத்தமும் பொலபொலவென்று சரிகிறதோ, அதுதான் மையக்கருத்து. என் வகுப்பில் படித்த பிள்ளையை எந்தக் காகிதமும் ஏமாற்ற முடியாது என்று ஆசிரியர் அறையில் அவள் பீற்றிக்கொள்ளாத வாரம் கிடையாது.

அந்த வாரத்துப் பாடம், மையக்கருத்து எப்போதும் முதல் வாக்கியத்தில் இருக்காது, சில நேரம் கடைசியில் ஒளிந்துகொண்டிருக்கும் என்பது. திங்கட்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டு, "புதன்கிழமை கண் பரிசோதனை இருக்கு. உங்க வகுப்புப் பெற்றோருக்கு ரெண்டு வரி எழுதி அனுப்பிடுங்க" என்றார். இரண்டு வரி எழுதித் தொலைத்திருக்கலாம். அவளுக்குத்தான் எதைத் தொட்டாலும் பாடமாக்கியாக வேண்டுமே. மதிய இடைவேளை முழுக்கப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து இப்படி எழுதினாள்:

"கடந்த வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளி வாசலில் ஒரு சிறுமியை யாரோ இழுத்துப்போக முயன்றதாகப் பேச்சு அடிபட்டது. அது வெறும் வதந்தி என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். வரும் புதன்கிழமை காலை நீலச் சட்டை அணிந்த ஒருவர் நம் பள்ளிக்கு வருவார். அவர் கையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி இருக்கும். அவரை நீங்கள் யாரும் இதற்கு முன் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓர் இருட்டறைக்கு அழைத்துப்போவார். இதைக் கண்டு யாரும் பதற வேண்டாம். அவர் கண் பரிசோதகர், கரும்பலகையில் எழுதியது சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுப்பதற்காகவே வருகிறார்."

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்கு அவ்வளவு திருப்தி. ஒன்பதாவது வாக்கியத்தை எடுத்துவிட்டால் மற்ற எட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன, எப்பேர்ப்பட்ட பயிற்சி! கடிதத்தின் அடியில் வழக்கம்போலப் புள்ளிக்கோடு போட்டு ஒரு சீட்டு விட்டிருந்தாள். பிள்ளை கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அது சொல்வதை ஒரே வரியில் சீட்டில் எழுத வேண்டும். அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு, சீட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தனுப்ப வேண்டும். இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு நடக்கிறது. அங்கே பெற்றோர்கள் பெரும்பாலும் பட்டறையிலும் ஆலையிலும் நின்று நின்று கால் வீங்கி வீடு திரும்புகிறவர்கள். பிள்ளை எழுதிய ஒரு வரியை நம்பிக் கையெழுத்துப் போட அவள்தான் அவர்களைப் பழக்கியிருந்தாள். முழுக் கடிதத்தையும் படிக்கிற, படிக்கக் கேட்கிற வழக்கம் அந்த வீடுகளில் எப்போதோ நின்றுபோய்விட்டது.

கடிதம் செவ்வாய்க்கிழமை மாலை வீடுகளுக்குப் போனது.

புதன்கிழமை காலை அவள் வந்தபோது பள்ளி வாசலில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பிள்ளையை இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள் அன்றைக்கு யாரும் ஓடவில்லை. அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள், நாலைந்து பேர் வணக்கம்கூட வைத்தார்கள். கண் பரிசோதனைக்கு இவ்வளவு அக்கறையா, கடிதம் வேலை செய்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். கூட்டத்தில் ஒரு பிள்ளையின் அப்பாவான வெல்டரின் கையில் முழ நீளத்துக்கு ஓர் இரும்புக்கம்பி இருந்தது. வேலைக்குப் போகிறவன் கையில் கம்பி இருப்பதில் என்ன இருக்கிறது என்று அதையும் கடந்து போனாள்.

வகுப்பில் சீட்டுகள் தயாராக இருந்தன. வகுப்புத் தலைவி வாங்கி, ரப்பர் பேண்டு போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். பாடம் முடியட்டும், பிறகு திருத்தலாம் என்று அவற்றை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள். முப்பத்து நாலு சீட்டு, முப்பத்து நாலு வரி. ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தை நினைத்துத்தான் பின்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் அலறல் கேட்டபோது அவள் கரும்பலகையில் எழுதிய பத்தியின் மூன்றாவது வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோர பெஞ்சில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். எது நடந்தாலும் ஊருக்கே ஒலிபரப்புகிறவள் என்பதால் வகுப்பில் அவளை வானொலி என்பார்கள். அவள் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"டீச்சர், நீலச்சட்டை வந்துட்டான்! பிடிச்சுட்டாங்க டீச்சர்!"

"பிடிச்சுட்டாங்களா? யாரை?"

"பிள்ளை பிடிக்கிறவனை! நீங்கதானே டீச்சர் எழுதியிருந்தீங்க!"

ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். கண் பரிசோதகர் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் நீலச் சீருடையில் கறுப்புப் பெட்டியோடு வந்திருக்கிறார். ஐம்பது வயது, கொஞ்சம் கூன். வாசலில் தாமதமாக வந்த ஒரு சின்னப் பெண்ணிடம் வழி கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண் மாறுகண். முப்பது வருடமாகக் கண் பார்த்த கை சும்மா இருக்குமா? குனிந்து, ஒரு விரலால் அவள் முகவாயைத் தூக்கி வெளிச்சத்தின் பக்கம் திருப்பியிருக்கிறார். பெண்ணின் அம்மா தையல்காரி, பத்தடி தள்ளி நின்றிருந்தாள். பெற்ற வயிறு எரிய அவள் போட்ட கூச்சல்தான் அது.

டீச்சர் கீழே பார்த்தபோது கூட்டம் அவரைச் சுற்றி மூடிவிட்டிருந்தது. மேலிருந்து முதுகுகள்தான் தெரிந்தன. முதுகுகள் முன்னே போயின, பின்னே வந்தன, மறுபடி முன்னே போயின. ஒவ்வொரு தடவையும் மாவு பிசைகிற மாதிரி ஒரு மொத்தையான சத்தம் மேலே வந்தது. பிள்ளைகள் மொத்தமும் ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தன. "எங்க மாமா அடிக்கிறாரு!" "எங்கம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க!" என்று ஓட்டப்பந்தயம் பார்க்கிற மாதிரி குதித்தன.

"யாரும் பார்க்கக் கூடாது! உட்காருங்க!" என்று அவள் அலறினாள். ஒரு பிள்ளையும் உட்காரவில்லை.

இரண்டு மாடியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே இரும்புக் கேட்டை வாட்ச்மேன் உள்பக்கம் பூட்டிவிட்டு, சாவிக்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"திற!"

"ஹெட்மாஸ்டர் சொல்லாம திறக்க மாட்டேம்மா. உள்ளே பூந்துடுவாங்க."

கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவர் முகம் இருந்தது. தரையோடு தரையாக அழுந்திக் கிடந்தது. காதைச் சுற்றி ரத்தம். இரண்டு கையாலும் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டிருந்தார். அது ஆஸ்பத்திரியுடைய பெட்டி, உள்ளே இருப்பதெல்லாம் கண்ணாடி வில்லைகள். தலையை மறைக்கத் தூக்க வேண்டிய கை இரண்டும் அதைத்தான் காத்துக்கொண்டிருந்தன. ஒரு பூட்ஸ் கால் வந்து அவர் விலாவில் இறங்கியது. காற்றுப் போகிற சத்தம் வந்தது. இன்னொரு கால் விரல்களை மிதித்துத் திருகியது. யாரோ தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, "சொல்றா, எத்தனை பிள்ளையைக் கொண்டுபோயிருக்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் முகத்தைத் தரையில் இடித்தார்கள். பல் ஒன்று கேட்டுக்கு அடியில் உருண்டு வந்து அவள் செருப்புக்கு முன்னால் நின்றது.

"அவர் கண் டாக்டர்! கண்ணு பாக்க வந்தவர்! நான்தான் எழுதினேன், கடைசி வரியைப் படிங்க!" என்று கம்பியை உலுக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஆமாம் ஆமாம், அடிங்க என்று சொல்வதாக நினைத்தார்களோ என்னவோ, திரும்பிக்கொண்டு இன்னும் வேகமாக அடித்தார்கள்.

அவள் பொறுமை அத்தோடு போயிற்று. பதினெட்டு வருட வேலையில் ஒரு பிள்ளைமேல் கை வைக்காதவள், வாட்ச்மேனின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அவன் பேயறைந்த மாதிரி நின்றபோது சாவியைப் பிடுங்கிக் கேட்டைத் திறந்தாள். முழங்கையால் இடித்து, ஒருத்தியின் தோளைக் கடித்து, கால்களுக்கிடையே புகுந்து, அவர்மேல் குப்புற விழுந்தாள். அவருடைய வியர்வையும் ரத்தமும் அவள் கழுத்தில் சூடாக ஒட்டின. மூச்சு இருந்தது. இந்த மனிதரை உயிரோடு உள்ளே கொண்டுபோக வேண்டும், வேறு எதுவும் அப்போது அவள் மண்டையில் இல்லை.

தோளில் ஓர் அடி விழுந்தது. ஏதோ முறிந்தது உள்ளே கேட்டது. நிமிர்ந்தாள். கம்பியை ஓங்கியபடி வெல்டர் நின்றான். முதல் பெஞ்சில் உட்கார்கிற, வகுப்பில் குருவி என்று கூப்பிடுகிற சின்னப் பெண்ணின் அப்பா. பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. டீச்சர் உட்காரச் சொல்லாமல் உட்கார மாட்டான்.

"நகருங்க டீச்சர்" என்றான் அதே மரியாதையோடு. "உங்க மேல பட்டுடுச்சு, மன்னிச்சுடுங்க. கொஞ்சம் நகர்ந்துக்கோங்க."

"அடிக்காதீங்க! இவர் கண்ணு பாக்க வந்தவர்!"

இதற்குள் யாரோ பெட்டியைப் பிடுங்கித் தார்ச்சாலையில் வீசியிருந்தார்கள். அது பிளந்தது. வட்ட வட்டக் கண்ணாடி வில்லைகள் நாலாபக்கமும் உருண்டன, அடியிலிருந்து சின்னச் சின்ன மூக்குக்கண்ணாடிகள் கொட்டின. எல்லாம் பிள்ளைகள் அளவு. சிவப்பு, பச்சை, ஊதா நிற ஃபிரேம்கள். மிதிபட்டு நொறுங்கின. அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவரான பேக்கரிக்காரர் காலடியில் ஏதோ நொறுங்குகிறதே என்று குனிந்து ஒன்றை எடுத்தார். விரலால் விரித்துப் பார்த்தார். அவர் கையிலிருந்த கட்டை தானாகக் கீழே விழுந்தது.

"ஐயோ, நிறுத்துங்கப்பா! இவன் கண்ணாடிக்காரன்! நிறுத்துங்க!"

அவருக்கு நல்ல குரல். எல்லோருக்கும் கேட்டது. முன்னால் இருந்தவர்கள் நின்றார்கள், பின்னால் இருந்தவர்கள் நழுவ ஆரம்பித்தார்கள். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். வெல்டர் மட்டும் ஒரு கையால் டீச்சரின் நல்ல தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினான், மெதுவாக, ஒரு நாற்காலியை நகர்த்துவதுபோல. பிறகு கீழே கிடந்த தலையில் இன்னும் இரண்டு அடி அடித்தான். இரண்டாவது அடிக்கு ஈரமான சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பியைப் போட்டான்.

பேக்கரி வேனில்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரொட்டித் தட்டுகளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவரைக் கிடத்தினார்கள். டீச்சரும் ஏறப் போனாள். தலைமையாசிரியர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"பிள்ளைங்க தனியா இருக்கும்மா. மேலே போங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மேலே வகுப்பு ஓய்ந்து போயிருந்தது. கூட்டம் கலைந்த பிறகு ரத்தம் தெரிந்திருக்கும் போல, பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. குருவி மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. குரலும் உடம்பும் குருவி மாதிரிதான், தூரத்துப் பார்வை மட்டும் சுத்தமாகக் கிடையாது. இரண்டடி தள்ளியிருந்தால் கரும்பலகையே அவளுக்கு மங்கல். ஜன்னலுக்குப் போய் என்ன பார்க்கப் போகிறாள்?

"கண்ணு டாக்டர் வரலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

டீச்சர் ஒரு கையால் இழுப்பறையைத் திறந்து சீட்டுகளை எடுத்தாள்.

"நீலச் சட்டைக்காரன் பிள்ளைகளைப் பிடிக்க வருகிறான்." கீழே கையெழுத்து. "புதன்கிழமை பிள்ளை பிடிக்கிறவன் வருவான்." கையெழுத்து. "கறுப்புப் பெட்டிக்காரனோடு இருட்டறைக்குப் போகக் கூடாது." கையெழுத்து. வரிகள் எல்லாம் அவள் பழக்கிய அழகான எழுத்தில் இருந்தன, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் அவள் முகத்தில் அறைந்தது. நான்தான் அடி வாங்க வைத்தேன், நான்தான், என்று வாய்விட்டே சொன்னாள். முப்பத்து மூன்று சீட்டு அப்படி. அடியிலிருந்து முப்பத்து நாலாவது வந்தது.

"கண் டாக்டர் வருகிறார், எனக்குக் கண்ணாடி கிடைக்கும்."

கண்ணாடிக்காக ஏங்கிக்கொண்டிருந்த ஒரே பிள்ளை குருவி. அதனால்தான் ஒன்பதாவது வாக்கியம் அவளுக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. வரிக்குக் கீழே கறுப்பு மையில், கோணலாக, வெல்டரின் கையெழுத்து.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தனியாக எடுத்துப் பாடப்புத்தகத்துக்குள் வைத்தாள்.

மதியத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது. பேக்கரிக்காரரும் திரும்பி வந்தார். சட்டையில் மாவும் ரத்தமும் சேர்ந்து காய்ந்திருந்தது. "போயிட்டாரும்மா" என்றார். "பாதி வழியிலேயே போயிட்டார். நானும் ரெண்டு அடி அடிச்சேன்மா, அவர் சம்சாரம் வந்தா எந்த முகத்தோட நிப்பேன்?" டீச்சருக்குத் தோள்வலி அப்போதுதான் உறைத்தது. சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதாள். அடிக்கிறவர்களைத் தடுக்கக் கீழே ஓடினாளே தவிர, காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து படித்திருந்தால் அந்த மனிதர் இப்போது யாருக்காவது எழுத்துப் பலகை காட்டிக்கொண்டிருப்பார். அழுகையை நிறுத்தவே முடியவில்லை.

தலைமையாசிரியர் அறையில் இன்ஸ்பெக்டர் பெற்றோரை விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். கடிதம் அப்படி இருந்தது, பிள்ளை அப்படிச் சொன்னது, பயத்தில் கை ஓங்கிவிட்டோம், தெரிந்து யாரும் செய்யவில்லை. தலைமையாசிரியர் வெளியே வந்து டீச்சரிடம் குரலைத் தாழ்த்தினார்.

"கடிதத்துல குழப்பம்னு முடிஞ்சிடும் போலிருக்கு. உங்களுக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். ஒருத்தர் தப்புன்னு ஆகாது, எல்லாரோட தப்புன்னு ஆயிடும். நீங்க எதுவும் பேசாம இருந்தா போதும்."

அவர் உள்ளே போனதும் வராந்தா முனையிலிருந்து வெல்டர் வந்தான். கையைக் கழுவியிருந்தான், நகக்கண்ணில் மட்டும் மிச்சம் இருந்தது.

"தோள் எப்படி இருக்கு டீச்சர்?"

அவள் புத்தகத்தைத் திறந்து சீட்டைக் காட்டினாள்.

"குருவி இதைப் படிச்சுக் காட்டுனாளா?"

அவன் சீட்டைப் பார்த்தான். பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று அவள் நினைத்தாள். அவனோ தலையாட்டினான்.

"படிச்சா. ரெண்டு தடவை படிச்சா. கண்ணாடி என்ன கலர்ல கேக்கறதுன்னு தூங்கற வரைக்கும் பேசிட்டிருந்தா."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கம்பியோட வந்தீங்களா?"

"பக்கத்து வீட்ல எல்லாம் பிள்ளை பிடிக்கிறவன்னு சொன்னாங்க. என் பொண்ணு டாக்டர்னு சொல்றான்னு நான் சொன்னா சிரிப்பாங்க. எதுக்கு வம்புன்னு நானும் வந்தேன். சும்மா நிக்கத்தான் வந்தேன் டீச்சர்." அவன் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டான். "எல்லாரும் அடிச்சாங்க. ஒரு அடி அடிச்சேன். அப்புறம் கை நிக்கலை. நல்லா இருந்துச்சு டீச்சர், பொய் சொல்லலை. பட்டறையில மொதலாளி திட்டறது, ஓவர்டைம், எல்லாம் அதுல போச்சு."

அவன் கண்ணில் நீர் இருந்தது. அவளுக்கு இரக்கம் வரவில்லை. காலையிலிருந்து தன் தலையில் மட்டும் சுமந்துகொண்டிருந்த பாரத்தின் பாதியை அவன் முகத்தில் எறிய வேண்டும்போல வெறி வந்தது. கடிதம் குழப்பியது மற்றவர்களை. இவனை எதுவும் குழப்பவில்லை.

"கிழிச்சுடுங்க டீச்சர். முப்பத்து மூணு சீட்டு ஒரே மாதிரி இருக்கு, இது ஒண்ணுதான். எனக்காக வேண்டாம். அவளுக்கு அம்மாவும் இல்லை. நான் உள்ளே போனா அவ எங்கே போவா?"

அவன் சொன்னது உண்மை. செத்துப்போனவருக்கு வீடு இருக்கிறது, சம்சாரம் இருக்கிறாள், அதுவும் உண்மை. ஒன்றை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வழி தெரியாமல், சீட்டை மறுபடி புத்தகத்துக்குள் வைத்தாள். கொடுப்பதா கிழிப்பதா என்று அந்த நிமிடம் அவள் சத்தியமாக முடிவு செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் வகுப்புக்கே வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியர். பெற்றோர் பத்துப் பதினைந்து பேர் வராந்தாவில் கூடி நின்றார்கள், வெல்டர் கதவை ஒட்டி நின்றான். இன்ஸ்பெக்டர் பிள்ளைகளை மிரட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"டீச்சர் கொடுத்த கடிதத்தை எல்லாரும் வீட்ல படிச்சீங்களா? என்ன இருந்துச்சு அதுல?"

"பிள்ளை பிடிக்கிறவன் வருவான்னு இருந்துச்சு சார்" என்றது வகுப்பு, கோரஸாக.

"எல்லாருக்கும் அப்படித்தான் புரிஞ்சுதா?"

"ஆமா சார்."

அவர் தலைமையாசிரியரைப் பார்த்துத் தலையாட்டினார். குறிப்பேட்டை மூடப் போனார். வெட்கக்கேடாக இருந்தாலும் உண்மை அதுதான், அவர் போய்விட்டால் போதும் என்று டீச்சருக்குள் ஒரு மனது கெஞ்சியது.

வானொலிக்கு வாய் சும்மா இருக்காதே. "குருவி அப்பாதான் சார் நிறைய அடிச்சாரு. கம்பியால. நான் பார்த்தேன்."

"பொய்!" குருவி எழுந்து நின்றுவிட்டாள். காது மடல்வரை சிவந்திருந்தது. "எங்கப்பா அடிக்க மாட்டாரு!"

"நான் பார்த்தேனே! உனக்குத்தான் கண்ணு தெரியாது!"

"எங்கப்பா அடிக்கவே மாட்டாரு சார்!" குருவி இன்ஸ்பெக்டர் இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினாள். பயம் இல்லை, நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "இவங்க எல்லாரும் தப்பா எழுதிட்டாங்க. நான் மட்டும்தான் சரியா எழுதினேன். அவரு கண்ணு டாக்டர்னு எங்கப்பாவுக்குத் தெரியும். நான் ரெண்டு தடவை படிச்சுக் காட்டுனேன், அப்பா கையெழுத்துப் போட்டாரு. தெரிஞ்சவரு எப்படி சார் அடிப்பாரு? டீச்சர்கிட்ட சீட்டு இருக்கு, கேட்டுப் பாருங்க."

வெல்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் டீச்சர் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு சீட்டு இருக்காம்மா?"

"கொடுங்க டீச்சர்" என்றாள் குருவி. "நான் எழுதுனது சரிதானே டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தைத் திறந்தாள். சீட்டை எடுத்து நீட்டினாள்.

"சரிதான்டா கண்ணு" என்றாள். "நீ எழுதுனதுதான் சரி."

இன்ஸ்பெக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். ஒரே வரிதான், கையெழுத்தையும் சேர்த்துப் படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு குருவி பெஞ்சில் உட்கார்ந்தாள்.